வீட்டுக்கு வரும் வேண்டாத அழைப்புகள்: விளம்பரத்தை நிறுத்தும் வழியும் மோசடியிலிருந்து தப்பும் வழியும்

பிற்பகலில், வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடும். கடன், காப்பீடு, வீட்டுமனை என்று எதையாவது விற்பதற்காக அழைப்பவர்கள் ஒரு வகை. அவர்களால் நம் நேரமும் ஓய்வும் கெடுகின்றன. நம் வங்கிக் கணக்கில் இருப்பதை அப்படியே எடுத்துச் செல்வதற்காக அழைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையையும் ஒரே பூட்டைப் போட்டு அடைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தாம், "டிஎன்டி போட்ட பிறகும் அழைப்பு வருகிறதே" என்று அலுத்துக்கொள்கிறார்கள். டிஎன்டி பதிவு, அதாவது விளம்பர அழைப்புகளால் ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று நம் எண்ணைப் பதிந்துவைப்பது, சட்டத்துக்கு உட்பட்டு வணிகம் செய்பவர்களைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டது. மோசடிக்காரர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு எண்களை அழுத்துவதில்லை. ஆகவே விளம்பர அழைப்புகளுக்கு அரசு தந்திருக்கும் விதிகளையும், மோசடி அழைப்புகளுக்கு நம் வீட்டுக்குள் நாமே வகுத்துக்கொள்ளும் விதிகளையும் தனித்தனியாகக் கைக்கொள்ள வேண்டும்.

விளம்பர அழைப்புகளை நிறுத்துதல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வணிக அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் 2018-ஆம் ஆண்டு விரிவான விதிமுறைகளை வெளியிட்டு, 2025 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தி இன்னும் கடுமையாக்கியது. இவ்விதிகளின்படி எந்த விளம்பர அழைப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட நமக்கு உரிமை உண்டு. கட்டணமில்லா எண்ணான 1909-ஐ அழைத்து, கணினிக் குரல் சொல்லும் வழியில் தெரிவு செய்தால் போதும். கைப்பேசியில் டிராயின் டிஎன்டி செயலியை நிறுவி அதன் வழியாகவும் பதிவு செய்யலாம். தரைவழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் அந்தத் தொலைபேசியிலிருந்தே 1909-ஐ அழைக்க வேண்டும். பதிவு என்பது எண்ணுக்கே உரியது. ஆளுக்கோ குடும்பத்துக்கோ உரியதன்று. வீட்டில் நான்கு எண்கள் இருந்தால் நான்கிலிருந்தும் தனித்தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் எண்கள் பதிவாகியிருக்கின்றன. பகல் முழுவதும் வீட்டில் இருந்து அழைப்புகளை எடுக்கும் தாய் தந்தையரின் எண்கள் விடுபட்டுப் போகின்றன.

எல்லாவற்றையும் தடுக்க விரும்பாதவர்கள் வங்கி மற்றும் காப்பீடு, மனை விற்பனை, கல்வி, மருத்துவம், சுற்றுலா போன்ற பிரிவுகளில் வேண்டியதை மட்டும் அனுமதிக்கலாம். டிஎன்டி பதிவு செய்தால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியும், எரிவாயு உருளை முன்பதிவுச் செய்தியும் நின்றுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவை நிற்பதில்லை, நம் கணக்கையும் நாம் கேட்ட சேவையையும் பற்றிய செய்திகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. குறுஞ்செய்தி அனுப்புபவரின் பெயருக்குப் பின்னால் இப்போது ஆங்கில எழுத்து ஒன்று வருகிறது. ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசு. அழைப்புகளிலும் இத்தகைய பிரிவினை உண்டு. விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், வங்கி போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் வர வேண்டும் என்பது விதி. ஆகையால், சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்டால், அந்த அழைப்பே விதிமீறல்தான். அதன் மீது புகார் செய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புகாரை 1909 எண்ணிலோ டிஎன்டி செயலியிலோ அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் செய்ய வேண்டும். முன்பு 3 நாட்களே அவகாசம் இருந்தது. அழைத்த எண், தேதி, என்ன விற்க முயன்றார்கள் என்ற ஒரு வரி ஆகியவை போதுமானவை. வணிக அழைப்புக்கெனப் பதிவு பெறாத எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்றால், நாம் டிஎன்டி பதிவு செய்திருக்காவிட்டாலும் புகார் செய்ய இப்போது வழி உண்டு. ஒரே எண்ணைப் பற்றிச் சில நாட்களுக்குள் பலர் புகார் செய்தால்தான் தொலைபேசி நிறுவனம் அந்த எண்ணின் மீது விரைவாக நடவடிக்கை எடுக்கிறது என்பதால், "நான் ஒருவன் சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று விட்டுவிடாமல் ஒரு நிமிடம் செலவிடுவது உண்மையிலேயே பயன் தருகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைத் திறந்துவிடுபவர்கள் நாமே. நாம் வெளிப்படையாக ஒப்புதல் அளித்த நிறுவனம், டிஎன்டி பதிவையும் மீறி நம்மைத் தொடர்பு கொள்ளலாம். ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் "உங்க நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்டவுடன் சொல்லிவிடுகிறோம். பேரங்காடி வாசலில் கார் பரிசுக் கூப்பனில் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். கடன் கிடைக்குமா என்று பார்ப்பதற்காக இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி, அடியில் இருக்கும் ஒப்புதல் கட்டத்தையும் படிக்காமலே சொடுக்குகிறோம். பொருளை வாங்க எண் தேவையில்லை என்று கடையில் பணிவாகச் சொல்லிவிடலாம். சொன்னால் யாரும் பில் போட மறுப்பதில்லை.

விளம்பர அழைப்பை எடுத்துவிட்டால், பேச்சை முடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். முகத்தில் அடித்தாற்போல் மறுக்க மனம் வராமல், "இப்போ வேலையா இருக்கேன், அப்புறமா கூப்பிடுங்க" என்று சொல்வது நம்மிடம் ஊறிப்போன மரியாதை. அழைத்தவருடைய பட்டியலில் அந்த வாக்கியம் ‘ஆர்வம் உள்ளவர், மீண்டும் அழைக்க வேண்டும்’ என்றே பதிவாகும். "எனக்குத் தேவையில்லை, இனி அழைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவதுதான் இரு தரப்புக்கும் நல்லது. அழைப்பவர்களில் பலர் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர்கள் என்பதால், அவர்களைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோபம் புகாராகச் சென்று சேரட்டும்.

மோசடி அழைப்பை அடையாளம் காணுதல்

மோசடிக்காரர் சொல்லும் கதை மாதத்துக்கு மாதம் மாறும். அதன் எலும்புக்கூடு மாறுவதில்லை. அச்சத்தையோ ஆசையையோ கிளப்புவது, யோசிக்க நேரம் தராமல் அவசரப்படுத்துவது, வேறு யாரிடமும் கேட்கவிடாமல் தனிமைப்படுத்துவது என்ற மூன்றும் எல்லாக் கதைகளிலும் இருக்கும். இவற்றில் இரண்டு தென்பட்டாலே அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு பழக்கமான மின்கட்டண மோசடியை எடுத்துக்கொள்வோம். ‘சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்’ என்று பத்து இலக்க எண்ணுடன் ஒரு குறுஞ்செய்தி வரும். நாம் அழைத்தால், எதிர்முனையில் இருப்பவர் பதற்றமில்லாமல், கனிவாகவே பேசுவார். பணம் கட்டிவிட்டோம் என்று சொன்னாலும் மறுக்கமாட்டார். கணினியில் பதிவாகவில்லை, பத்து ரூபாய் மட்டும் கட்டினால் சரியாகிவிடும் என்பார். அதற்காக ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார். அந்தச் செயலி, நம் கைப்பேசித் திரையில் நடப்பதையெல்லாம் அவருடைய திரையில் காட்டும் வகையைச் சேர்ந்தது. எனிடெஸ்க் போன்ற செயலிகள் இவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. பத்து ரூபாய் கட்டுவதற்காக நாம் அழுத்தும் கடவுச்சொல்லும், தொடர்ந்து வரும் ஓடிபியும் அவர் கண்முன்னே தெரியும். பத்து ரூபாய் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைக் கட்டும்போது நம் விரல் அழுத்தும் எண்களே அவருக்கு வேண்டும். உண்மை நிலவரம் தெரிய வேண்டும் என்றால், அட்டையில் இருக்கும் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு மின்வாரியச் செயலியிலோ, பிரிவு அலுவலகத்திலோ, மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணிலோ கேட்டுக்கொள்ளலாம்.

இதைவிடக் கொடுமையானது ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நடப்பது. உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட கூரியர் பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் ஆதாரைக் கொண்டு வாங்கிய சிம் குற்றச்செயலில் பயன்பட்டது என்றோ தொடங்கும். டிராயிலிருந்து பேசுவதாகச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் எண் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும் என்று பதிவு செய்யப்பட்ட குரலில் தொடங்குவதும் உண்டு. எந்தக் கதையில் தொடங்கினாலும், வெளிமாநிலக் காவல்துறை அதிகாரி என்று ஒருவரிடம் அழைப்பு மாற்றப்படும். அவர் வாட்ஸ்அப் வீடியோவில் சீருடையுடன் தோன்றுவார். பின்னால் காவல்நிலையம் போன்ற அமைப்பு, முத்திரை பதித்த போலி ஆணைகள், சில நேரங்களில் போலி நீதிமன்றமே கூட இருக்கும். அறையைப் பூட்டிக்கொள்ள வேண்டும், வீட்டாரிடம்கூடச் சொல்லக்கூடாது, வீடியோவை அணைக்கக்கூடாது என்று மணிக்கணக்கில், சிலரை நாள்கணக்கில், வைத்திருந்து, ‘சரிபார்ப்புக்காக’ என்று சேமிப்பு முழுவதையும் வேறு கணக்குக்கு மாற்ற வைக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடையும் வைப்புத்தொகையும் இப்படிப் பறிபோகின்றன.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் இதை நாட்டு மக்களுக்கு நேரடியாகவே எடுத்துச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இத்தகைய மோசடிகளைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, டிசம்பரில் அவற்றின் விசாரணையைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோ வழியாக ஒருவரைக் கைது செய்ய முடியாது. எந்த விசாரணை அமைப்பும் நிரபராதி என்று நிரூபிக்கப் பணத்தை மாற்றச் சொல்லாது. டிராய் எந்தத் தனிநபரையும் அழைத்து எண்ணைத் துண்டிப்பதாக மிரட்டுவதுமில்லை. இந்த மூன்று செய்திகளும் வீட்டில் இருக்கும் மூத்தவர்களின் காதில் அழைப்பு வருவதற்கு முன்பே விழுந்திருக்க வேண்டும். வீடியோ தொடங்கிவிட்ட பிறகு வெளியிலிருந்து யாரும் சொல்ல வழியில்லாமல் போகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேஒய்சி (வங்கியில் தரும் அடையாள விவரம்) காலாவதியாகிவிட்டது, ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது என்ற அழைப்பு, உதவித்தொகை வரப்போகிறது ஓடிபியைச் சொல்லுங்கள் என்ற அழைப்பு, தவறுதலாக உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டேன் திருப்பி அனுப்புங்கள் என்ற அழைப்பு, வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (திறந்தால் கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வரும் கல்யாணப் பத்திரிகையும் போக்குவரத்து அபராத ரசீதும், எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ‘பின்’ எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. அது கேட்கப்பட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்றே பொருள்.

ஒரு நுட்பத்தை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். கூரியர் வந்திருக்கிறது, முகவரியை உறுதி செய்ய இந்த எண்ணை அழுத்துங்கள் என்று, *401* என்று தொடங்கி ஒரு கைப்பேசி எண்ணுடன் முடியும் குறியீட்டை அழுத்தச் சொல்வார்கள். அதை அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவருடைய எண்ணுக்குத் திருப்பப்படலாம். குரல்வழி ஓடிபி அவருக்கே போய்ச் சேரும். இந்த வசதியை 2024 ஏப்ரல் முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது என்றாலும், சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்தி எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடலாம்.

திரையில் தெரியும் எண்ணையோ பெயரையோ சான்றாகக் கொள்ள வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்போல் காட்டுவது மோசடிக்காரர்களுக்குக் கைவந்த கலை. அதைத் தடுப்பதற்கென்று 2024 அக்டோபரில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டபோது, முதல் 24 மணி நேரத்திலேயே ஏறத்தாழ 1.35 கோடி அழைப்புகள் போலியெனக் கண்டறியப்பட்டன.

வீட்டுக்குள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

எல்லா மோசடிகளின் பட்டியலையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக வீட்டில் ஒரே ஒரு வழக்கம் உறுதியாக இருந்தால் போதும் என்பதே என் கருத்து: தானாக வந்த அழைப்பில் பணத்தைப் பற்றியோ, ஓடிபியைப் பற்றியோ, செயலியைப் பற்றியோ பேச்சு எழுந்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் நாமே அழைத்துக் கேட்பது. வங்கி என்றால் ஏடிஎம் கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண். காவல்துறை என்றால் பக்கத்திலிருக்கும் காவல்நிலையம். உறவினர் என்றால் அவருடைய பழைய எண். கூகுளில் தேடி முதலில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணை நம்ப வேண்டாம்; மோசடிக்காரர்கள் அங்கேயும் தங்கள் எண்களைப் போட்டுவைக்கிறார்கள்.

பேசிக்கொண்டிருப்பவரை இடையில் வெட்டிவிட்டு வைப்பது பண்பாகாது என்ற எண்ணம் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதனால் அவர்களுக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுவது உதவும். "என் மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி உடனே வைத்துவிடலாம். மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் தங்கள் பங்குக்கு, "அம்மா, போன்ல யார் பணம்னு பேச்செடுத்தாலும் வெச்சுட்டு எனக்குக் கூப்பிடுங்க. மீட்டிங்ல இருந்தாலும் எடுப்பேன்" என்று சொல்லி, சொன்னபடி எடுக்கவும் வேண்டும். ஒருமுறை எரிச்சலுடன் பேசிவிட்டால் அடுத்த முறை அவர்கள் அழைக்கமாட்டார்கள். "இதுகூடத் தெரியாதா உங்களுக்கு" என்ற கண்டிப்புக்கு அஞ்சியே பலர் நடந்ததை நாட்கணக்கில் மறைக்கிறார்கள். அந்த நாட்களில்தான் பணம் கைமாறிப் போகிறது.

தொலைபேசிக்கு அருகில் சுவரில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். அதில் கண்ணாடி போடாமலே படிக்கும் அளவு பெரிய எழுத்தில் நிதி மோசடி உதவி எண்ணான 1930, வங்கியின் எண், பிள்ளைகள் இருவரின் எண்கள் ஆகியவை மட்டும் இருக்கட்டும். நிறைய எழுதினால் தேவைப்படும் நேரத்தில் கண்ணில் படாது. விபத்து, கைது என்று பேரனின் குரலிலேயே அழுது பணம் கேட்கும் அழைப்புகளும் இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையுடன் வருவதால், குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஓய்வூதியம் வரும் கணக்கையும், அன்றாடம் யுபிஐயில் செலவு செய்யும் கணக்கையும் பிரித்து, இரண்டாவதில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டால், எல்லா எச்சரிக்கையும் தவறிப்போகும் ஒரு நாளிலும் இழப்பு ஓர் அளவுக்குள் நிற்கும்.

தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்யும் வசதி ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அழைப்பை எதிர்பார்க்கும் வீடுகளில் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடாது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் தனியார் செயலிகள் ஓரளவு உதவும். ஆனால் நம் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அவை அனுமதி கேட்கின்றன என்பதையும், அவற்றில் தெரியும் பெயர் பிறர் இட்டதே என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, நமக்குத் தெரியாதவற்றை நீக்கச் சொல்லலாம். பணம் போகவில்லை, மோசடி முயற்சி மட்டும் நடந்தது என்றால், அதே தளத்தின் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பற்றித் தெரிவிக்கலாம்.

பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு 1930-க்கு. இது நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்குச் சென்றதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். மோசடிக்காரர்கள் பணத்தை நிமிடக்கணக்கில் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவதால், முதல் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு மறுநாளுக்கு இல்லை. கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண், அழைத்த எண் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அழையுங்கள். எதுவும் கிடைக்காவிட்டாலும் தேடிக்கொண்டிராமல் உடனே அழைத்துவிடுங்கள். உடனடியாக வங்கியையும் அழைத்துக் கார்டு, யுபிஐ, இணைய வங்கிச் சேவை ஆகியவற்றை முடக்கச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்யலாம். குறுஞ்செய்திகளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்க வேண்டாம். வெட்கத்தில் அவற்றை அழித்துவிட்டுத்தான் பலர் காவல்நிலையத்துக்குப் போகிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட குறைபாட்டால் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. ஆகவே தவறு நம் பக்கம் இருந்தாலும் உடனே தெரிவிப்பதால் ஆதாயம் உண்டு. வங்கியின் பதில் நிறைவு தராவிட்டாலோ, 30 நாட்களில் பதிலே வராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

புகார் செய்த சில வாரங்களில் இன்னோர் அழைப்பு வரக்கூடும். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, விடுவிப்புக் கட்டணமாகவோ வரியாகவோ ஒரு தொகை கட்டினால் உடனே வந்துவிடும் என்பார்கள். இழந்த தொகையையும் தேதியையும் துல்லியமாகச் சொல்வார்கள். முதலில் ஏமாற்றிய கூட்டத்திடமே அந்த விவரங்கள் இருக்கின்றன என்பதை அப்போது நினைவில் கொள்ளுங்கள். முடக்கப்பட்ட பணம் சட்ட நடைமுறைகளின் வழியாகத்தான் திரும்பி வரும். அதற்காகக் காவல்துறை தொலைபேசியில் கட்டணம் கேட்பதில்லை. அந்த அழைப்பையும் துண்டித்துவிட்டு, புகார் எண்ணுடன் சைபர் குற்றக் காவல்நிலையத்துக்கு நேரில் சென்று கேளுங்கள்.